பயிற்றுநரின் அறையில் டெலிபிராம்ப்டர்: தமிழில் பேசுபவரின் மதிப்பீடு

பெங்களூருக்கு வேலை தேடி வரும் தமிழ் இளைஞர்களுக்கு நேர்முகத் தேர்வுப் பயிற்சி அளிப்பது என் தொழில். கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கத்திலிருந்து வருபவர்களில் பலருக்கு ஒவ்வொரு வார இறுதியிலும் அல்சூர் வகுப்புக்கு வந்துபோக வசதி இருப்பதில்லை என்பதால், பாடங்களைத் தமிழில் வீடியோவாகப் பதிவுசெய்து அனுப்புகிறேன். அந்தப் பதிவுகளுக்காக எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில், கேமராவைப் பார்த்தபடியே எழுத்தைப் படித்துப் பேச உதவும், டேப்லெட் வைத்துப் பயன்படுத்தும் டெலிபிராம்ப்டர் ஒன்றை 8,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவான விலையில் வாங்கினேன். அலுமினியச் சட்டம், மடக்கக்கூடிய கண்ணாடி, கறுப்புத் துணி உறை, ப்ளூடூத் ரிமோட் ஆகியவை அந்த விலைக்குள் வருகின்றன. கேமராவும் டேப்லெட்டும் முக்காலியும் நம்முடையவை. தொடர்ந்து பயன்படுத்திய பிறகு, கருவியைப் பற்றிச் சொல்வதைவிட, தமிழில் பேசுபவர் அதற்கு எப்படி எழுதிக்கொடுக்க வேண்டும் என்பதைப் பற்றிச் சொல்லவே என்னிடம் அதிகம் இருக்கிறது.

கேள்வி கேட்பவரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள் என்று கற்றுக்கொடுக்கும் பயிற்றுநர், அந்த வாக்கியத்தைச் சொல்லும்போதே பக்கத்தில் ஒட்டிவைத்த குறிப்பின்மேல் கண்ணை ஓட்டினால் பாடம் எடுபடுவதில்லை. வகுப்பறையில் இந்தச் சிக்கல் எழுவதே இல்லை. அங்கே கரும்பலகை இருக்கிறது, நடக்க இடம் இருக்கிறது, அடுத்து எதை விளக்க வேண்டும் என்பதை மாணவர்களின் முகமே உணர்த்திவிடுகிறது. இவை எதுவும் இல்லாத கேமராவுக்கு முன்னால், பல ஆண்டுகள் தடையில்லாமல் பாடம் நடத்தியவர்கள்கூட மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள், அல்லது சொல்ல நினைத்தவற்றில் முக்கியமானதை விட்டுவிடுகிறார்கள். இந்த இடத்தில் டெலிபிராம்ப்டர் உண்மையாகவே கைகொடுக்கிறது. கருவிக்கு மாறிய பிறகு பதிவான முதல் பாடத்தைப் பார்த்த மாணவி ஒருவர், “சார், இந்தத் தடவை எங்களப் பாத்தே பேசுறீங்க” என்று செய்தி அனுப்பினார். நான் எந்த மாற்றத்தையும் அறிவித்திருக்கவில்லை.

1950இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக ஹூபர்ட் ஷ்லாஃப்லி, ஃபிரெட் பார்ட்டன், இர்விங் கான் ஆகியோர் உருவாக்கிய முதல் டெலிபிராம்ப்டரில், பெரிய எழுத்துகள் கொண்ட காகிதச் சுருள் கேமராவுக்குப் பக்கத்தில் மோட்டாரால் நகர்ந்தது. அதனால் படிப்பவரின் கண் லென்ஸை விட்டு விலகியது. பின்னால் வந்த ஒளிபிரிப்புக் கண்ணாடிதான் அந்தக் குறையை நீக்கியது. நான் வாங்கிய கருவியிலும் அதே ஏற்பாடுதான். டேப்லெட் கீழே மல்லாந்து கிடக்க, அதன்மேல் 45 டிகிரி சாய்வில் நிற்கும் கண்ணாடி எழுத்தைப் பேசுபவரின் பக்கம் திருப்புகிறது. பின்னால் இருக்கும் லென்ஸுக்கு எழுத்து தெரிவதில்லை, பேசுபவர் மட்டுமே தெரிகிறார். பிம்பம் இடவலம் மாறும் என்பதால், டேப்லெட்டில் எழுத்தை ஓடவிடும் செயலியில் அதைத் திருப்பிக் காட்டும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். என் கருவியின் கண்ணாடி 70 சதவீத ஒளியை லென்ஸுக்கு விட்டு 30 சதவீதத்தைத் திருப்பும் வகையைச் சேர்ந்தது. இதனால் கேமராவுக்கு, ஒளியை அளக்கும் ஸ்டாப் என்ற கணக்கில், ஏறக்குறைய அரை ஸ்டாப் வெளிச்சம் குறைகிறது. ஜன்னல் வெளிச்சத்தை மட்டும் நம்பிப் பதிவுசெய்பவர்கள் ஒரு விளக்கைக் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

துணி உறையைப் பலர் அலங்காரம் என்று நினைத்துக் கழற்றிவிடுகிறார்கள். கண்ணாடியின் பின்பக்கம் லென்ஸை நோக்கியும் மேல்நோக்கியும் சாய்ந்திருப்பதால், உறை இல்லாவிட்டால் கூரையில் எரியும் டியூப்லைட் அதில் பட்டு, படம் முழுவதும் வெளுத்துப்போகும். என் கருவியில் குறை சொல்ல வேண்டியது இந்த உறையைத்தான்: வெல்குரோ பட்டை மிகவும் மெலிதாக இருந்ததால் விரைவிலேயே பிடிப்பை இழந்தது, கடைக்காரர் மாற்று உறை கிடைக்காது என்று சொல்லிவிட்டார், சிவாஜிநகரில் ஒரு தையல்காரரிடம் கொடுத்துப் புதிய பட்டை தைத்துக்கொண்டேன். சட்டம் உறுதியாக இருக்கிறது. ஆனால் டேப்லெட்டும் சேரும்போது எடை முழுவதும் முன்பக்கம் சாய்கிறது என்பதால், இலேசான முக்காலியில் இதைப் பொருத்துவது கேமராவுக்கே ஆபத்து.

பேசுபவர் எவ்வளவு தொலைவில் உட்கார வேண்டும் என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. 12 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு வரியை 60 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து படித்தால், கண் இடமிருந்து வலமாக ஏறக்குறைய 11 டிகிரி நகர்கிறது. அதைப் பார்வையாளர் உடனே கண்டுகொள்வார். அதே வரியை 2 மீட்டர் தொலைவிலிருந்து படித்தால் நகர்வு 3.5 டிகிரிக்குள் அடங்கிவிடுகிறது. கைபேசியின் முன்பக்கக் கேமராவுக்கு அருகில் எழுத்தை ஓடவிடும் இலவசச் செயலிகள் என்னைத் திருப்திப்படுத்தாததற்கு இதுவே காரணம்: கைநீட்டும் தூரத்தில் உட்கார்ந்து படிப்பவரின் கண்மணி அலைவதை எந்தச் செயலியாலும் மறைக்க முடியாது. ஒரு நிமிட அறிவிப்புக்கு அவை போதும். இன்னொன்று, தொலைவுக்கும் அருகுக்கும் ஒரே வில்லையில் பார்வை தரும் புரோகிரசிவ் மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் எழுத்து தெளிவாகத் தெரியும் இடத்தைத் தேடி முகவாயை மேலே தூக்குவார்கள். அது வீடியோவில் அதிகாரத் தோரணையாகத் தெரியும். தொலைவுப் பார்வைக்கு மட்டுமான கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்தின் அளவைப் பெரிதாக்கிக்கொள்வதே இதற்குத் தீர்வு.

எழுத்து பெரிதானதும் தமிழின் சிக்கல் தொடங்குகிறது. நம் சொற்கள் நீளமானவை. “செய்துகொண்டிருக்கிறீர்கள்” என்ற ஒரே சொல் 10 அங்குல டேப்லெட்டில் ஒரு முழு வரியைப் பிடித்துக்கொள்கிறது. சில செயலிகள் அதை நடுவில் உடைத்து, பாதியை அடுத்த வரிக்குத் தள்ளிவிடுகின்றன. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வைத்திருக்கும் குறிப்புகளை ஏற்றினால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும், ஆகவே அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க இடம் தரும் செயலியாக இருந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் ஆகிய இரண்டும் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகப் படிக்க நன்றாக இருக்கின்றன. வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை சொற்கள் என்று கேட்கும் செயலிகள் ஆங்கிலச் சொல்லின் நீளத்தை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. அவை காட்டும் 140 என்ற அளவைத் தமிழுக்கு அப்படியே வைத்தால் மூச்சுவிட நேரமிருக்காது.

இவையெல்லாம் அமைப்புகளை மாற்றிச் சரிசெய்யக்கூடியவை. எழுதும் முறையை மாற்றுவதுதான் பெரிய வேலை. தமிழ் உரைநடையில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. பிராம்ப்டரில் ஒரு நேரத்தில் நான்கைந்து வரிகள்தான் தெரிகின்றன. “முந்தைய நிறுவனத்தில் மேலாளருடன் உங்களுக்கு ஏற்பட்ட கருத்து வேறுபாடுகளை நேர்முகத் தேர்வில் விரிவாகப் பேசுவதைத் தவிர்த்துவிட வேண்டும்” என்று எழுதி ஓடவிட்டால், இது ஓர் எச்சரிக்கை என்பதே கடைசி வரி மேலே ஏறி வரும்வரை தெரியாது. எழுதியவரே படித்தாலும், வாய் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும், குரல் ஏற்ற இறக்கமின்றிச் செய்தி வாசிப்பதுபோலப் போகும். டெலிபிராம்ப்டரில் பேசுபவர் இயந்திரம்போல ஒலிக்கிறார் என்ற புகாருக்கு, தமிழைப் பொறுத்தவரை, இந்த வாக்கிய அமைப்பே பெரும்பாலும் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதையே இப்போது இப்படி எழுதிக்கொள்கிறேன்: “பழைய மேனேஜரோட சண்டையா? அதை இன்டர்வியூவில் பேசாதீங்க. கேட்டா ஒரு வரி சொல்லுங்க. அதோட நிறுத்திக்குங்க.” ஒவ்வொரு வரியும் தனக்குரிய குரலோடு வந்து நிற்கிறது, அடுத்த வரிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

அப்படியானால் முழுவதையும் பேச்சுவழக்கிலேயே தட்டச்சு செய்துவிடலாமா என்றால், அதுவும் சரிப்படுவதில்லை. பள்ளி நாளிலிருந்து நம் கண் பழகியது எழுத்துத் தமிழின் சொல்வடிவங்களுக்கு. “வீட்லேந்து”, “வீட்டுலருந்து” போன்ற வடிவங்களைத் திரையில் கண்டால் கண் ஒரு கணம் தயங்குகிறது. போதாததற்கு, சேலத்துக்காரரின் நாக்கில் வருவதும் திருநெல்வேலிக்காரரின் நாக்கில் வருவதும் ஒன்றல்ல. வாக்கியத்தின் அமைப்பும் வினையின் முடிவும் பேச்சிலிருந்து வர வேண்டும், பெயர்ச்சொற்களும் வேற்றுமை உருபுகளும் பெரும்பாலும் எழுத்துமுறையிலேயே இருக்கலாம் என்பது நான் வந்து சேர்ந்திருக்கும் முறை. “வீட்டிலிருந்து கிளம்புறதுக்கு முன்னாடி” என்று எழுதியிருந்தால் போதும். அவரவர் ஊர் வழக்குக்கு நாக்கு தானாகவே மாற்றிக்கொள்கிறது. ஆங்கிலச் சொற்களில் மட்டும் கவனம் தேவை. “கேப்” என்று தமிழில் எழுதினால் வேலைக்கு இடையிலான இடைவெளியா, வாடகைக் காரா என்ற குழப்பத்தில் உச்சரிப்பு தடுமாறும் என்பதால், அத்தகைய சொற்களை ஆங்கில எழுத்திலேயே விட்டுவிடுகிறேன். வரியை எங்கே உடைப்பது என்பதைச் செயலியிடம் விடாமல், மூச்சு எடுக்கும் இடத்தில் நாமே உடைத்துக்கொள்வதும், கேள்வி கேட்ட பிறகு ஒரு வெற்று வரி விடுவதும் பெரிய மாற்றத்தைத் தரும். அந்த வெற்று வரியில் மாணவர் யோசிக்கிறார்.

உடன் வந்த ரிமோட்டைப் பற்றி நல்லதே சொல்ல வேண்டும். சீரான வேகத்தில் ஓடும் எழுத்துக்குப் பின்னால் ஓடும் பேச்சும் சீராகவே இருக்கும், உயிர் இருக்காது. கட்டைவிரலால் நிறுத்தி, ஓட்டி, மறுபடி நிறுத்திப் பேசும்போதுதான் எழுத்து நம்மைப் பின்தொடர்கிறது. குரலைக் கேட்டு எழுத்தைத் தானே நகர்த்தும் வசதி நான் பயன்படுத்தும் செயலியில் இருந்தாலும், அதன் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. இருந்திருந்தாலும், எழுதியது ஒரு வடிவமாகவும் பேசுவது இன்னொரு வடிவமாகவும் இருக்கும் நம் மொழியில் அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்ற ஐயம் எனக்கு உண்டு. ஆகவே ரிமோட் இல்லாத கருவியைத் தமிழில் பேசுபவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பாடம் முழுவதையும் பிராம்ப்டரில் ஏற்றுவதும் நல்லதல்ல. தொடக்கம், வரிசை மாறக்கூடாத படிகள், சம்பளப் பேச்சில் வரும் எண்கள், ஹெச்.ஆர். கேட்கும் கேள்விகளின் சரியான சொற்கள் ஆகியவற்றை முழு வாக்கியமாக வைக்கிறேன். உதாரணக் கதை வரும் இடத்தில் மூன்று, நான்கு சொற்களை மட்டும் வைத்துவிட்டு ஓட்டத்தை நிறுத்திக்கொள்கிறேன். “ஓசூர் பையன், இரண்டு வருட இடைவெளி, உண்மையைச் சொன்னான்” என்று மட்டும் திரையில் இருந்தால், அந்த இளைஞரை நினைத்துக்கொண்டுதான் நான் பேச முடியும். அப்போது வரும் குரலை எழுதி வைத்துப் படித்து வரவழைக்க முடியாது. கையசைவும் அங்கேதான் இயல்பாக வருகிறது.

நேரலை வகுப்புக்கு இந்தக் கருவி பயன்படாது. மாணவர் கேட்கும் கேள்விக்குப் பதில் திரையில் இருக்காது. அங்கே தேவைப்படுவது எதிரில் இருப்பவரின் முகம் லென்ஸின் இடத்திலேயே தெரிவது. எல்காட்டோ நிறுவனம் 2024இல் கொண்டுவந்த பிராம்ப்டர், தன்னுடைய 9 அங்குலத் திரையைக் கணினியின் இன்னொரு மானிட்டராகவே இயக்குவதால், ஜூம் சாளரத்தை அதில் வைத்து மாணவரின் கண்ணைப் பார்த்துப் பேச முடிகிறது. ஒயிட்ஃபீல்டில் நண்பர் ஒருவரின் அறையில் அதைப் பயன்படுத்திப் பார்த்தேன். ஒருவருக்கு ஒருவர் பயிற்சி அளிப்பவர்களுக்கு அதன் விலை தகும். பார்வையை மென்பொருளால் திருத்தி, கேமராவைப் பார்ப்பதுபோலக் காட்டும் வசதியை என்விடியா 2023இல் வெளியிட்டது. கண்ணைப் பார்த்துப் பேசுவதைக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் அதைப் பயன்படுத்த எனக்கு மனமில்லை.

வாங்க நினைப்பவர்கள் உங்கள் டேப்லெட்டையும் கேமராவையும், நீளமான தமிழ்ப் பத்தி ஒன்று ஏற்றிய செயலியையும் கடைக்கே எடுத்துச் செல்லுங்கள், எஸ்.பி. ரோட்டில் பொருத்திக் காட்டச் சொன்னால் மறுப்பதில்லை. அகலக் கோண லென்ஸ் வைத்திருந்தால் சட்டத்தின் ஓரம் படத்தில் விழுகிறதா என்பதை அங்கேயே பார்த்துவிட வேண்டும். ஒரே ஒரு பாடத் தொடரை மட்டும் பதிவுசெய்யப்போகிறவர்களுக்கு, நகரின் கேமரா வாடகைக் கடைகளில் நாள் வாடகைக்கு எடுப்பதே போதுமானது. சொந்தமாக வாங்குபவர்கள், டேப்லெட்டை நோக்கியிருக்கும் பக்கத்தில்தான் கண்ணாடியின் பூச்சு இருக்கிறது என்பதால், அதை மைக்ரோஃபைபர் துணியைத் தவிர வேறெதாலும் துடைக்காதீர்கள். கீறல் விழுந்தால் கண்ணாடியையே மாற்ற வேண்டியிருக்கும்.