காலி பக்கெட்டை இரண்டு கையால் தூக்கினால் உஷார்

பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறவர்கள், மேஸ்திரி கையில் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். போன மார்கழியில் திருச்சியில் எங்கள் வீட்டில் நடந்தது. பெரிய கொள்ளை ஒன்றும் இல்லை, சில ஆயிரம் ரூபாய் விஷயம்தான். ஆனால் என் கண் முன்னாலேயே, நானே காபி கொடுத்து உட்கார வைத்து நடந்ததால் இன்னும் உறுத்துகிறது.

லேபர் கான்ட்ராக்ட். பட்டி, பிரைமர், பெயின்ட் எல்லாம் நாங்கள் வாங்கிக் கொடுக்க வேண்டும், மேஸ்திரிக்குக் கூலி மட்டும். பக்கத்துத் தெருவில் இரண்டு வீடு அடித்தவர்தான். பேச்சு இனிமை. அம்மாவிடம் பேச வந்தால் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் வருவார். ஹாலுக்கும் இரண்டு படுக்கையறைக்கும் ஒரே சந்தனக் கலர் என்று முடிவாகியிருந்தது. மனுஷன் கையில் டேப் கிடையாது. சுவரை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “20 லிட்டர் பக்கெட் ஒண்ணு எடுத்துடுங்க சார், கரெக்டா இருக்கும்” என்றார். எடுத்தேன். இரண்டாவது கோட் ஓடிக்கொண்டிருக்கும்போது, “சுவர் ரொம்ப இழுக்குது சார், இன்னும் ஒரு 4 லிட்டர் வேணும். டச்சப்புக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கணும்ல” என்றார். அதையும் எடுத்தேன்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பக்கெட்டுக்குள் பெயின்டருக்கென்று டோக்கன் போட்டு வருவது நம்மூரில் பழைய வழக்கம். இப்போது பல கம்பெனிகளில் அது போனில் ஸ்கேன் செய்கிற மாதிரி வந்துவிட்டது. தப்பு என்று சொல்லவில்லை, அவர்கள் உழைப்புக்குக் கிடைக்கிற சின்ன வரும்படி. ஆனால் எத்தனை லிட்டர் தேவை என்று சொல்பவருக்கே, லிட்டர் கூடினால் லாபம் இருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

வேலை முடிந்த அன்று சாயங்காலம் மிச்சத்தைக் காட்டினார். 20 லிட்டர் பக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு, ஒரு ஏழு லிட்டர் இருக்கும். மேலே சந்தன நிறம் தளதளவென்று தெரிந்தது. “அஞ்சு வருஷத்துக்கு டச்சப் கவலையே இல்ல சார்” என்று மூடியை அழுத்தி, மேலே ஒரு தட்டுத் தட்டி, மொட்டை மாடிக்குப் போகிற படிக்கட்டு ஓரம் வைத்தார். “காலி பக்கெட் ரெண்டையும் நான் எடுத்துக்கிறேன் சார்” என்றார். பிரைமர் வந்தது ஒன்று, சீலிங் வெள்ளை வந்தது ஒன்று. காலி பெயின்ட் பக்கெட் வீட்டுக்காரருக்கா பெயின்டருக்கா என்பது தமிழ்நாடு முழுக்கத் தீராத வழக்கு. எங்கள் வீட்டில் ஏற்கெனவே நாலு கிடக்கிறதே என்று தாராளமாகச் சொல்லிவிட்டேன்.

இரண்டு பக்கெட்டிலும் மூடி இறுக்கமாகப் போட்டிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப்போய் டிவிஎஸ் எக்ஸ்எல்லின் முன்பலகையில் ஒன்றும் பின்சீட்டில் ஒன்றுமாக வைத்துக் கட்டினார். திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மா என்னைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்: “காலி பக்கெட்ட எதுக்குடா தம்பி ரெண்டு கையால தூக்குறான்?”

“கைப்பிடி அறுந்திருக்கும்மா” என்றேன். வண்டி கிளம்பும்போது பின்சக்கரம் சற்று அமுங்கியதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, டாட்டா காட்டினேன்.

பங்குனியில் வெயில் தாங்காமல் ஒரு அறைக்கு ஏசி வைத்தோம். எலக்ட்ரீஷியன் சுவரை வெட்டி பைப் பதித்து, சிமென்ட் பூசி, பட்டி பார்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு முழ அகலத்துக்கு வெள்ளைத் திட்டு. அதனால் என்ன, நம்மிடம்தான் ஏழு லிட்டர் இருக்கிறதே என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரஷும் கையுமாக மூடியைத் திறந்தேன்.

அந்த நாற்றத்தை எப்படிச் சொல்வது? புளித்துப் பொங்கிய மாவும் அடைத்த சாக்கடையும் சேர்ந்த மாதிரி. மேலே மூன்று விரல்கடைக்கு கலங்கல் தண்ணீர், அதில் சாம்பல் நிறத்தில் நுரை. குச்சியை விட்டுக் கலக்கினால் மோர் மாதிரி வழிந்து ஓடியது. நல்ல எமல்ஷன் குச்சியில் தயிர் மாதிரி ஒட்டிக்கொண்டு, நிதானமாகத்தான் இறங்கும். அடியில் ரோலரின் பஞ்சு, கட்டி கட்டியாகப் பட்டி, ஒரு பீடித் துண்டு. அதையும் விடாமல் ஒரு ஓரத்தில் பூசிப் பார்த்தேன். சுவரில் பிடிக்கவே இல்லை, கண்ணீர் மாதிரி கோடு கோடாக இறங்கியது. அறைக்குள் இரண்டு நாள் யாரும் படுக்கவில்லை.

ஒரு பாட்டிலில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு பெயின்ட் வாங்கின கடைக்குப் போனேன். கடைக்காரர் மூடியைத் திறந்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார். “இது பெயின்ட் இல்ல சார், கழுவின தண்ணி” என்றார். அப்புறம் அவர் விளக்கியதும், நான் படித்துத் தெரிந்துகொண்டதும் இதுதான். எமல்ஷன் தண்ணீரில் கலந்து நிற்கிற சரக்கு. டப்பாவுக்குள் கெட்டுப்போகாமல் இருக்க அதில் கிருமிகொல்லி மருந்து அளவாகச் சேர்த்திருப்பார்கள். நாம் தண்ணீர் ஊற்ற ஊற்ற அந்த மருந்தும் நீர்த்துப்போகிறது. ஊற்றுவதோ சம்ப் தண்ணீர், அதுவும் பட்டி கரைத்த வாளியில் மொண்டது. அதில் வருகிற பாக்டீரியாவுக்கு பெயின்ட்டைக் கெட்டியாக வைத்திருக்கிற சரக்கே சாப்பாடு. அதைத் தின்று தீர்த்ததும் பெயின்ட் மோராகிவிடும், நாற்றமும் கிளம்பிவிடும். தண்ணீர் கலந்த பெயின்ட்டை 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடச் சொல்லிக் கம்பெனிக்காரர்களே போடுகிறார்கள். என் வீட்டில் தண்ணீர் கலந்தது மூன்று மாதம் கிடந்தது, அதுவும் மொட்டை மாடி வெயில் இறங்குகிற படிக்கட்டில்.

வீட்டுக்கு வந்து, வேலைக்கு முன்னால் போட்டிருக்க வேண்டிய கணக்கை அன்றைக்குப் போட்டேன். ஹால் 16க்கு 14, அறைகள் இரண்டும் 12க்கு 11, உயரம் 10 அடி. சுவர் எல்லாம் சேர்த்து 1,520 சதுர அடி. கதவு ஜன்னலைக் கழித்தால் சுமார் 1,300. பட்டி பார்த்து பிரைமர் அடித்த சுவரில் ஒரு லிட்டர், இரண்டு கோட்டாக, 100 சதுர அடிக்குக் குறையாமல் வரும். ஆக, தாராளமாக வைத்தாலும் 13 லிட்டர். நான் வாங்கிக் கொடுத்தது 24. சிந்தினது சிதறினது போனாலும் ஒன்பது பத்து லிட்டர் கலக்காத பெயின்ட் மிச்சம் இருந்திருக்க வேண்டும். அது இரண்டு ‘காலி’ பக்கெட்டில் எக்ஸ்எல் ஏறிப் போனது. எனக்கு விட்டுப்போனது ரோலர் கழுவின தண்ணீரும், அடியில் ஒட்டியதைச் சுரண்டிப் போட்டதும், மேலாக்கில் நான் பார்க்க ஒரு கரண்டி நல்ல பெயின்ட்டும்.

நேரில் பிடித்ததில்லை, அதனால் நீதிமன்றத்தில் நிற்கிற சாட்சி என்னிடம் இல்லை. அம்மாவின் கண்ணும் என் கணக்கும்தான்.

கேட் கதை தனி. கம்பிக்கும் கேட்டுக்கும் பிரவுன் எனாமல் 4 லிட்டர் டப்பா. இதை அவர் திருடவில்லை, கொன்றார். தினமும் சாயங்காலம் பிரஷை உள்ளேயே போட்டு, மூடியைச் சும்மா மேலே வைத்துவிட்டுப் போய்விடுவார். எமல்ஷன் தண்ணீர் வற்றிக் காய்வது. எனாமல் அப்படி இல்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகிக் காய்கிற சரக்கு. டப்பாவுக்குள் காற்று இருந்தால் அங்கேயே காய ஆரம்பித்துவிடும். காலையில் வந்து பார்த்தால் பாலாடை மாதிரி, ஆனால் செருப்புத் தோல் கனத்துக்கு ஒரு ஆடை. அதை ஓரமாகக் கத்தியால் அறுத்து முழுசாக எடுத்துப் போட்டுவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் மிச்சமெல்லாம் நல்ல பெயின்ட். நம்ம ஆள் ஆடையைக் குச்சியால் குத்தி உள்ளே அமுக்கி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கலக்கிவிட்டார். கேட் முழுக்க ரவை தூவின மாதிரி பொடிப்பொடியாக நிற்கிறது. பளபளப்பும் இல்லை. ஒரு வாரத்துக்குக் கை வைத்தால் ஒட்டியது. நாளிதழ் போடுகிற பையன் கைரேகை இன்னும் தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அத்தோடு விடவில்லை. பரணில் தாத்தா காலத்துப் பச்சை எனாமல் டப்பா ஒன்று கிடந்தது, அதை எடுத்துக் குழந்தை ஊஞ்சலுக்கு அடிக்கப் போனார். அதை மட்டும் முந்திக்கொண்டு தடுத்தேன். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முந்தைய டப்பாவில் எவ்வளவு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? மிச்சத்தைப் பத்திரமாக வைப்பது வேறு, பரம்பரைச் சொத்தாக வைப்பது வேறு.

ஏசி திட்டுக்கு வருகிறேன். மூடியில் ஒட்டியிருந்த ஷேட் எண்ணை வைத்து, அதே கம்பெனியில் ஒரு லிட்டர் கலக்கி வாங்கினேன். பூசினேன். காய்ந்ததும் திட்டு அப்படியே தெரிந்தது, வெள்ளைத் திட்டு சந்தனத் திட்டாகியிருந்தது, அவ்வளவுதான். எண் ஒன்றாக இருந்தாலும் மெஷினில் ஒரு தடவை கலப்பதற்கும் இன்னொரு தடவைக்கும் நூலிழை வித்தியாசம் வரும். பழையது ரோலர், புதியது பிரஷ், அதிலும் வித்தியாசம். பழைய மிச்சத்துக்கு மதிப்பே இதனால்தான். கடைசியில் இன்னொரு லிட்டர் வாங்கி, மூலையிலிருந்து மூலை வரை அந்த ஒரு சுவரை முழுசாக அடிக்க வேண்டியதாயிற்று. ஆள் கூலி தனி.

மேஸ்திரிக்குப் போன் போட்டேன். கோபப்படவே இல்லை. “அது உங்க வீட்டுத் தண்ணி சார், உப்புத் தண்ணி. நான் என்ன செய்றது?” என்றார். நேரில் வந்து பார்க்கிறேன் என்றும் சொன்னார். சித்திரை, வைகாசி போய்விட்டது, வரவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசலாம் என்று நண்பர் சொன்னார். பில் கிடையாது, எழுத்து கிடையாது, போனில் அனுப்பின பணம் மட்டும்தான். நானே விட்டுவிட்டேன்.

நீங்கள் விடாமல் இருக்க, நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். வேலை நடக்கும் நாட்களில் பெரிய பக்கெட்டை அவர்கள் கையில் கொடுப்பதில்லை. அன்றைக்கு வேண்டியதைத் தனி வாளியில் ஊற்றிக் கொடுத்து, தண்ணீர் கலப்பதெல்லாம் அந்த வாளியில்தான். சாயங்காலம் வாளியில் மிஞ்சினால் மறுநாள் காலையில் முதலில் அதைத் தீர்க்க வேண்டும், தாய் பக்கெட்டில் திருப்பி ஊற்றக் கூடாது. இது ஒன்றில் மட்டும் நான் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. ரோலரையும் பிரஷையும் தினமும் கழுவ வேண்டியதுகூட இல்லை, பாலிதீன் கவரில் காற்றுப் புகாமல் சுற்றி வைத்தால் மறுநாள் ஈரமாகவே இருக்கும். கழுவினால் அந்தத் தண்ணீர் பக்கெட் பக்கமே வரக் கூடாது.

வேலை முடிந்ததும் மிச்சத்தைப் பெரிய பக்கெட்டிலேயே விடுவதில்லை. ஏழு லிட்டர் பெயின்ட்டுக்கு மேல் பதின்மூன்று லிட்டர் காற்றை வைத்து மூடி என்ன பயன்? மூடி இறுகுகிற சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் கழுத்து வரை ஊற்றி, வாயோரம் ஒட்டியதை ஈரத்துணியால் துடைத்து, ஒரு பாலிதீன் தாளை வாயில் விரித்து அதன்மேல் மூடி. ஓரத்தில் பெயின்ட் காய்ந்துவிட்டால் மூடி உட்காராது, அடுத்த தடவை திறக்கும்போது அந்தச் செதிலெல்லாம் உள்ளே விழும். குடிதண்ணீர் பாட்டிலில் மட்டும் ஊற்றாதீர்கள், வீட்டில் குழந்தைகள் இருக்கும். எனாமல் என்றால் இறுக்கி மூடி, கசியவில்லை என்று பார்த்துவிட்டுத் தலைகீழாக வைத்துவிடுவேன். ஆடை கட்டினாலும் அடியில் கிடக்கும், திறக்கிறபோது மேலே நல்லது இருக்கும். எந்த அறை, என்ன ஷேட் எண், எந்தத் தேதி என்று மூடியிலும் டப்பா மேலும் மார்க்கரால் எழுதிவிடுவேன். மூடி மாறிப்போகும், அதனால் இரண்டிலும். வைக்கிற இடம் வீட்டுக்குள், வெயில் படாத மூலை.

இந்த வருஷம் மாடி அறை அடிக்க வேறு ஆள் வருகிறார். அளவு எடுத்து, லிட்டர் கணக்கை நானே எழுதி வைத்திருக்கிறேன். காலி பக்கெட் எல்லாம் அவருக்குத்தான் என்று பேசியாகிவிட்டது. மூடியைத் திறந்து காட்டிவிட்டு எடுத்துப் போகணும் என்று அம்மா சேர்த்துச் சொன்னார். அவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.