மூன்று இஞ்ச், மூன்று வருஷம், ஒன்பது ரப்பர்

தென்காசியில் இருக்கும் நண்பன் நேற்று ராத்திரி வாட்ஸாப்பில் ஒரு ஹீல்ஸ் பூட்ஸ் படத்தை அனுப்பி, “நீ போடுறது இதுதானல? 1,199க்கு இறக்கியிருக்கான். வாங்கட்டா?” என்று கேட்டிருந்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதையே நான் 1,899 கொடுத்து வாங்கினேன். அந்த வயிற்றெரிச்சல் ஒரு பக்கம். இன்று சாயங்காலம்தான் வலது ஹீலுக்கு ஒன்பதாவது தடவையாக ரப்பர் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன். அதனால் என் கோபத்தைக் கொஞ்சம் கழித்துக்கொண்டு படிக்கவும்.

கறுப்பு, கணுக்கால் உயரம், உள்பக்கம் ஜிப், 3 இஞ்ச் கட்டை ஹீல். பெண்கள் பிரிவில் விற்பது. அளவு 41. பெண்கள் அளவு அதற்கு மேல் பெரும்பாலும் கிடைப்பதில்லை. நான் ஆண்கள் அளவில் 7 போடுகிற ஆள் என்பதால் தப்பித்தேன். 9, 10 போடுகிறவர்கள் வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். முன்பக்கம் விரல்களுக்கு இறுக்கம். ஒரு மாதத்தில் பழகிவிடும்.

ஏன் போடுகிறாய் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இரண்டு பதில் உண்டு. குதிகாலுக்கு மேலே உள்ள நரம்பில் வலி, டாக்டர் குதிகாலை உயர்த்தி நடக்கச் சொன்னார் என்பது ஒன்று. பொய்யில்லை. குதிகால் உயர்ந்தால் அந்த இடத்தில் இழுவை குறையும் என்று செருப்புக்குள் வைக்கிற சிலிக்கான் பேடைத்தான் அவர் எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் வலி போய்விட்டது, ஆனால் அந்த உயரம் பிடித்துப்போய்விட்டது. இது இரண்டாவது பதில், இதை நான் அதிகம் பேரிடம் சொன்னதில்லை. உயரம் மட்டும்தான் ஆசை என்றால் குதிகாலை உள்ளுக்குள் ஒளித்து உயர்த்துகிற ஷூ இருக்கிறது. அதையும் ஒன்று வாங்கிப் பார்த்தேன். திருட்டுத்தனமாக ஏதோ செய்வது போலிருந்தது. ஹீல் வெளியே தெரிய வேண்டும் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஒரு நாள் கடைக்குப் போகிற வழியில் துணிக்கடைக் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். அதில் நடந்துபோன ஆளை எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

முதல் மூன்று மாதம் ஊர் என்னைக் கவனிக்கவே இல்லை. பேண்ட் இறங்கி ஹீலில் பாதியை மூடிவிடும். திருநெல்வேலி ஜங்ஷன், வண்ணார்பேட்டை, பாளை மார்க்கெட் எங்கே போனாலும் அவரவருக்கு அவரவர் சோலி. வெளியே கால் வைக்கவே அத்தனை நாள் பயந்தவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

நாலாவது மாதம் ரப்பர் தேய்ந்தது.

இந்த ஹீல் உள்ளே பொள்ளலான பிளாஸ்டிக் கட்டை. அடியில் அரை சென்டிமீட்டர் கனத்துக்கு ஒரு ரப்பர்த் துண்டு, அதைப் பிடிக்க நாலு ஆணி. நடக்கும்போது முதலில் தரையைத் தொடுவது பின்பக்க வெளிமூலை என்பதால் அந்த மூலைதான் முதலில் கரையும். கரைந்ததும் ஆணித்தலை எட்டிப் பார்க்கும். அது டைல்ஸில் படுகிற சத்தம் இருக்கிறதே, கல்யாண மண்டபத்து மேடையில் நடக்கிற பெண்கள் காலில் கேட்டிருப்பீர்கள். அந்த டக் டக் வந்த நாளிலிருந்துதான் தலைகள் திரும்ப ஆரம்பித்தன.

திரும்புகிற விதமும் ஒரே மாதிரிதான். சத்தம் கேட்டதும் ஒரு பெண்ணைப் பார்க்கத் தயாரான முகத்தோடு திரும்புவார்கள். இருப்பது மீசை வைத்த, வழுக்கை விழ ஆரம்பித்த நான். என்னை விட்டுவிட்டு என் பின்னால் தேடுவார்கள். அங்கே யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பார்வை காலுக்கு இறங்கும். காலிலிருந்து மறுபடி முகத்துக்கு. இதற்கு இரண்டு விநாடி ஆகும். அந்த இரண்டு விநாடியை எப்படிக் கடப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. சிரித்தால் அசடு, முறைத்தால் வம்பு.

கேட்கிறவர்களில் பாதிப்பேர் கேட்பது, “அண்ணாச்சி, கால்ல ஆபரேசனா?” என்றுதான். பரிவாகத்தான் கேட்கிறார்கள். நானும் முதல் வருஷம் முழுக்க ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். டீக்கடையில் ஒருவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்தார். அந்த ஸ்டூலில் உட்கார்ந்து குடித்த டீ தொண்டையில் இறங்கவில்லை. அதற்குப் பிறகு “இல்லண்ணாச்சி, சும்மாதான்” என்று சொல்லிப் பழகினேன். ‘சும்மா’ என்றால் மேலே கேட்பதில்லை. மனசுக்குள் கோட்டிக்காரன் என்று நினைத்துக்கொள்வார்களாக இருக்கும். நினைக்கட்டும்.

நான் கணக்கு எழுதுகிற மொத்தக் கடையில் முதலாளி சத்தம் வந்து நாலு நாள் ஒன்றுமே சொல்லவில்லை. அஞ்சாவது நாள் கூப்பிட்டு, “வே, நீரு என்னத்தையும் போட்டுக்கிடும். யாவாரம் பேசிக்கிட்டு இருக்கும்போது மட்டும் அங்கிட்டும் இங்கிட்டும் நடக்காதேயும். வந்தவன் ரேட்ட விட்டுட்டு வாசலப் பாக்கான்” என்றார். அவருக்குப் பிரச்சினை ஆம்பளை ஹீல்ஸ் போடுவது இல்லை, டைல்ஸ் போட்ட தரை. மறுநாளே ரப்பர் மாற்றினேன்.

சுலோச்சன முதலியார் பாலத்தில் ஒரு சாயங்காலம் நடந்து போகிறேன். ஆற்றின் மேல் 1843-ல் கட்டிய பாலம், இன்றும் அதில்தான் ஜங்ஷனுக்கும் வண்ணார்பேட்டைக்கும் போய்வருகிறோம். பைக்கில் மூன்று பையன்கள், “அக்கா, லிப்ட் வேணுமா?” என்று கத்திக்கொண்டு போனார்கள். ஓட முடியாது, ஓடினால் சத்தம் இன்னும் கூடும். காது சூடாகி நிற்கிறேன். பின்னால் வந்த ஒரு பெரியவர் என்னைத் தாண்டும்போது, “அவனுவள விடும். மொதல்ல அந்த ஆணிய அடியும் வே. எனக்குப் பல்லு கூசுது” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த ஆறுதல் அது.

என் தாய்மாமா விஷயம் வேறு. அவர் வீட்டுக்குள் வைத்தே ஏசினார். “ஆம்பளப் புள்ளைக்கு இது என்னல கேடு?” நானும் சும்மா இருக்காமல், இந்த ஹீலே முதலில் ஆண்கள் போட்டதுதான் என்று ஆரம்பித்தேன். பாரசீகக் குதிரை வீரர்கள் அங்கவடியில் கால் நழுவாமல் இருக்கக் குதி வைத்த செருப்பு போட்டார்கள், அது 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுக்கப் பரவியது, பிரெஞ்சு ராஜா பதினாலாம் லூயி சிவப்புக் குதி வைத்த ஷூவோடு நிற்கிற 1701-ஆம் வருஷத்து ஓவியம் இருக்கிறது, இந்தா பாருங்கள் என்று போனையும் நீட்டினேன். மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “அவன் ராசா. நீ ரேசன் கார்டு” என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

ஆனால் அன்றைக்கு அத்தை ஒரு காரியம் செய்தாள். உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு ஸ்டுடியோ போட்டோவை எடுத்துவந்து என் மடியில் போட்டாள். பின்னால் எழுதியிருந்த வருஷம் 1977. பெல்பாட்டம், காது மூடிய கிருதா, கீழே இரண்டு இஞ்சுக்குக் குறையாத கட்டை ஹீல் ஷூவோடு மாமா நிற்கிறார். “அந்தக் காலத்துல எல்லாவனும் போட்டான்” என்றார் மாமா. அப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. போட்டோவையும் பெட்டியில் திரும்ப வைக்க விடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

குதிரை வீரன் கதையில் உண்மை இருப்பதை நானே பைக்கில் கண்டுகொண்டேன். புட்ரெஸ்ட் கம்பியில் ஹீல் வந்து கச்சிதமாக உட்காருகிறது. அம்பாசமுத்திரம் ரோட்டில் நாற்பது கிலோமீட்டர் ஓட்டினாலும் கால் நழுவாது. கியரை ஹீலால் பின்னால் மிதித்து மாற்றுவதும் சுகம். வாங்கும்போது எதிர்பார்க்காத லாபம் இது ஒன்றுதான். பஸ்ஸில் படி இறங்கும்போது மட்டும் பைய இறங்க வேண்டும்.

நம் ஊரில் ஹீல்ஸ் போடுகிற ஆணுக்கு வேறு யாரும் எழுதாத ஒரு கஷ்டம் உண்டு. ஒவ்வொரு வாசலிலும் கழற்ற வேண்டும். கழற்றினால் மூன்று இஞ்ச் போய்விடும். வாசலில் என்னோடு கண்ணுக்குக் கண் பேசிக்கொண்டிருந்த ஆள் நடுவீட்டில் என்னைக் குனிந்து பார்ப்பார். போன வருஷம் கல்லிடைக்குறிச்சியில் துஷ்டி கேட்க ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். திண்ணைக்குக் கீழே ஐம்பது அறுபது ஜோடிச் செருப்புக்கு நடுவில் என் பூட்ஸ் மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. நான் உள்ளே ஆண்களோடு உட்கார்ந்திருக்கிறேன். வெளியே ஓர் ஆச்சி, “டவுனுல இருந்து எந்தப் பொம்பளையாளு வந்துருக்கா? உள்ள காணலியே” என்று ஒவ்வொருத்தியாக விசாரிக்கிறாள். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்து இரண்டு பேர் வந்து தேற்றினார்கள்.

வெறுங்காலில் நடப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தினமும் ஹீலில் நின்றால் கெண்டைக்கால் தசை குறுகிப்போகும். நெல்லையப்பர் கோயில் கல் தரையில் முதல் பிரகாரம் சுற்றி முடிப்பதற்குள் பின்னங்கால் இழுக்கிறது. ராத்திரி படியின் விளிம்பில் நின்று குதிகாலைக் கீழே இறக்கி நீட்டிவிட்டால் சரியாகும். வாரத்தில் இரண்டு நாளாவது தட்டைச் செருப்பு போடுங்கள். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் பக்கத்துக் கிராமத்தில் சுடலைமாடனுக்குக் கொடை நடக்கும்போது கணியான் கூத்து வைப்பார்கள். அண்ணாவி பாட, மகுடப் பறை முழங்க, சேலை கட்டிச் சலங்கை போட்ட இரண்டு ஆண்கள் விடிய விடிய ஆடுவார்கள். என் பூட்ஸைப் பார்த்துச் சிரித்த பெரியப்பா மகன் அங்கே முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறான். அங்கேயும் ஆம்பளை காலில் சத்தம்தான். அவனிடம் இதைச் சொன்னேன். “அது சாமி காரியம்ல” என்றான். சரி.

ஆடி அமாவாசைக்குக் காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போனபோது (பூட்ஸ் போட்டு இல்லை, காட்டுப்பாதையில் அந்தப் பைத்தியக்காரத்தனம் செய்ய மாட்டேன்) பட்டவராயன் சன்னதியில் வெகுநேரம் நின்றேன். பிராமணனாகப் பிறந்து, செருப்புத் தைக்கிற குடும்பத்துப் பெண்களைக் கட்டுவதற்காகச் சாதியை விட்டுத் தோல் வேலை பழகிய முத்துப்பட்டன்தான் அங்கே பட்டவராயன். அவருக்குக் காணிக்கையே செருப்பு. கட்டித் தொங்கவிட்ட செருப்பு அடுத்த வருஷம் பார்த்தால் போட்டு நடந்தது போலத் தேய்ந்திருக்கும் என்பது நம்பிக்கை. மற்றவர்கள் கும்பிட்டுக்கொண்டிருக்க, நான் ஒவ்வொரு செருப்பின் பின்மூலையையும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரப்பர் என்னை அந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது.

வீட்டில் மனைவிக்கு ஒரே புகார்தான், “எஞ்செருப்ப விட உங்க செருப்பு விலை கூட.” மகளுக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். தெருமுக்கில் கேட்கும்போதே வந்து கதவைத் திறந்துவிடுவாள். புது ரப்பர் போட்ட வாரம் மட்டும் நான் காலிங் பெல் அடிக்க வேண்டும்.

இன்றைய கதைக்கு வருகிறேன். வழக்கமாகத் தைக்கிறவர் ஊரில் இல்லை. வேறொருவரிடம் போனேன். பூட்ஸைக் கையில் வாங்கி, “வீட்டுல உள்ளவியளுக்கா?” என்றார். எனக்குத்தான் என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. ஹீலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, “வெளிப்பக்கமா மிதிக்கீரு. இன்னும் செத்த உள்ள தள்ளி மிதியும்” என்றார். மூன்று வருஷத்தில் இந்தப் பூட்ஸைப் பற்றி எனக்குக் கிடைத்த ஒரே தொழில்நுட்ப ஆலோசனை. குறடால் பழைய ரப்பரைப் பிடுங்கினார். பழைய டயரில் ஒரு துண்டை அறுத்து, சொல்யூஷன் தடவி, இரும்புக் காலில் கவிழ்த்து நாலு ஆணி அடித்து, ஓரத்தைக் கத்தியால் சுற்றிச் சீவிக் கொடுத்தார். நாற்பது ரூபாய். டயர் ரப்பர் ஆறு மாதம் தாங்கும் என்றார். தாங்கும்தான். ஆனால் அது பழைய ரப்பரைவிட இரண்டு மில்லிமீட்டர் கனம் என்பது வண்ணார்பேட்டை வந்த பிறகுதான் உறைத்தது. வலது கால் உயரம், இடது கால் பள்ளம். இடதில் பழைய ரப்பரின் டக், வலதில் தொப். டக், தொப், டக், தொப் என்று வீடு வந்து சேர்ந்தேன். இதுவரை திரும்பிப் பார்க்காதவனும் இன்று திரும்பிப் பார்த்தான். மூன்று பேர் ஆபரேசனா என்று கேட்டார்கள்.

நண்பனுக்குப் பதில்: வாங்காதே. மேல்தோல் மூன்று வருஷத்தில் வெடிக்கவில்லை, ஜிப் மாட்டவில்லை, கட்டை ஆடவில்லை, பைக்குக்கு இதைவிடச் சிறந்த காலணி நான் போட்டதில்லை. எல்லாம் உண்மை. ஆனாலும் 1,899 ரூபாய்க்குச் செய்கிறவனுக்கு ஒரு நல்ல ரப்பர் வைக்கத் தெரியவில்லை என்றால் அவனுக்கு எதற்குக் காசு கொடுக்க வேண்டும்? அஞ்சில் ஒரு நட்சத்திரம். அதுவும் மாமாவின் போட்டோவுக்காக.

1,199 என்பதால் நான் மட்டும் காப்பிக்கலரில் ஒன்று ஆர்டர் போட்டுவைத்திருக்கிறேன், வியாழக்கிழமை வரும். நாளைக்கு இடது ஹீலைக் கொண்டுபோய் அதே டயரில் அடித்துக்கொண்டு வர வேண்டும்.