எண்ணெயா, கிரீமா, பொமேடா, ஜெல்லா: டெல்லித் தலைக்கு எது?

ஜனவரிக் காலையில் எங்கள் ஆர்.கே.புரம் வீட்டில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாக உறைந்து கிடக்கும். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அதன் இயல்பே அப்படி. பால்கனி வெயிலில் வைத்தால்தான் உருகும். மே மாதத்திலோ அதே எண்ணெய் நெற்றியில் வழிந்து சட்டைக் காலரில் இறங்கும். ஆனாலும் முடியின் நலத்துக்கு அதுவே என் முதல் தேர்வு. தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது. பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் கனிம எண்ணெய் மேலே மட்டும் படிகிறது. முடி படியவும் வேண்டும், எண்ணெய் வழியவும் கூடாது என்னும்போதுதான் சிக்கல்.

இந்த வழிசலோடு ஆங்கிலேயரும் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் அவர்கள் பூசிய மக்காசர் எண்ணெய் நாற்காலிச் சாய்மானங்களைக் கறையாக்கியது. கறை படாமல் விரித்த துணிக்கு ஆன்டிமக்காசர் என்றே பெயர் வந்தது. ரயில் இருக்கையில் தலை சாயும் இடத்தில் போடும் வெள்ளைத் துணி அதன் வாரிசுதான்.

அந்தச் சிக்கலுக்கு நான் மதிக்கும் விடை, 1928இல் பர்மிங்காமில் பிறந்த பிரில்கிரீம். கனிம எண்ணெயையும் தண்ணீரையும் தேன்மெழுகு சேர்த்துக் குழைத்த வெள்ளைக் கிரீம் அது. தண்ணீர் உலர்ந்ததும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு மட்டும் தங்கும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையினருக்கு 'பிரில்கிரீம் பையன்கள்' என்ற பட்டப்பெயரே இருந்தது. கிரிக்கெட் வீரர் டெனிஸ் காம்ப்டன் அதன் விளம்பரங்களில் தோன்றினார். மத்திய அரசு வேலைக்காக டெல்லி வந்த என் அப்பாவின் வகிடு மாலைவரை கலையாமல் இருந்ததும் இதே கிரீமால்தான்.

பொமேட் என்னும் கெட்டியான கொழுப்புப் பூச்சு இன்னும் மூத்தது. ஐரோப்பாவில் கரடிக் கொழுப்பைக்கூடத் தலையில் பூசினார்கள். 1872இல் அமெரிக்காவில் ராபர்ட் செஸ்பரோ என்ற வேதியியலாளர் பெட்ரோலியம் ஜெல்லிக்கு (வாஸ்லின்) காப்புரிமை பெற்றபின், பொமேடின் அடிப்பொருள் மெல்ல அதற்கு மாறியது. 1920களில் சிகாகோவில் பிறந்த மரேஸ் பொமேட் கறுப்பின மக்களிடையே பெரும் செல்வாக்குப் பெற்றது. பளபளப்பிலும் பிடிப்பிலும் கிரீம் அதன் அருகில் நிற்க முடியாது. ஆனால் தண்ணீருக்குப் பொமேட் அசையாது. நுரையே வராத எங்கள் போர்வெல் உப்புத் தண்ணீரில் அதைக் கழுவ மூன்று முறை ஷாம்பு போட்டேன். கல்யாண வரவேற்புக்குச் சரி, தினமும் அலுவலகத்துக்கு வேண்டாம்.

ஜெல் எளிதாகக் கழுவப்படும். தண்ணீரில் கரைந்த பாலிமர் காய்ந்து படலமாகி முடியைப் பிடிக்கிறது. டெல்லியின் வறண்ட குளிரில் சீப்பு பட்டதும் அந்தப் படலம் பொடுகைப் போல உதிர்ந்து கறுப்புக் கோட்டில் விழுகிறது. ஜெல் நம் காலத்துச் சரக்கு என்று எண்ண வேண்டாம். அயர்லாந்துச் சதுப்பில் 2003இல் கிடைத்த, 2000 ஆண்டுகளுக்கும் முந்தைய மனிதனின் தலையில் தாவர எண்ணெயும் பைன் பிசினும் கலந்த பூச்சு இருந்தது.

என் வழக்கம் இதுதான்: சனிக்கிழமை இரவு உருக்கிய தேங்காய் எண்ணெய், ஞாயிறு காலை சீயக்காய்க் குளியல். பிறகு எங்கள் பகுதி முருகன் கோயிலான மலை மந்திருக்குக் கிளம்பும்முன், முடி அரைஈரமாக இருக்கும்போதே சுண்டைக்காய் அளவு கிரீம்.