தண்ணீர்மலை அடிவாரத்துப் பூந்தோட்டம்: எந்த மாதம், எந்த நேரம் போகலாம்?

பினாங்குத் தாவரவியல் பூங்காவை ஒருவர் வாயாரப் புகழ்வதும், இன்னொருவர் "வெறும் மரமும் குரங்கும்தானே" என்று உதட்டைப் பிதுக்குவதும் பெரும்பாலும் அவரவர் எந்த மாதத்தில், எந்த மணிக்கு அங்கே போனார் என்பதைப் பொறுத்தது. வாரத்துக்கு இரண்டு நாளாவது அங்கே காலை நடை போகும் வழக்கம் எனக்குப் பல வருடங்களாக உண்டு. வெளியூரிலிருந்து வந்த உறவினர் குழு ஒன்றை, சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவர் பகல் ஒரு மணி வெயிலில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, நாற்பது நிமிடத்தில் திரும்ப ஏற்றிக்கொண்டு போனதையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் அன்று பார்த்தது இந்தப் பூங்காவை அல்ல, அதன் பகல் தூக்கத்தை. காலை 5 மணிக்குத் திறந்து இரவு 8 மணிக்கு மூடும், கட்டணம் எதுவும் கேட்காத ஓர் இடத்துக்கு நடுப்பகலில் போக வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

நம் மலேசியாவில் கோடை என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. தமிழ்நாட்டு உறவினர்கள் சித்திரை வெயிலைப் பற்றிப் பேசும்போது நாம் தலையாட்டிக்கொண்டிருப்பதோடு சரி. ஆனாலும் பினாங்குக்கு ஒரு வறண்ட காலம் இருக்கிறது. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மழை குறைந்து, தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல்கள் எழும்பும் நாள்களில் புல் பழுத்து, ஓடையில் கற்கள் வெளியே தெரியும். மார்ச் கடந்து ஏப்ரலில் மழை திரும்பும்போதுதான் இந்தத் தோட்டத்தின் உண்மையான பூக்காலம் தொடங்குகிறது. எனவே இங்கே வர நாள் குறிப்பவர்கள் சுவரில் தொங்கும் நாள்காட்டியை விட மழையைப் பார்த்துக் குறிப்பது நல்லது.

இடத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் இதன் அழகுக்கும் புழுக்கத்துக்கும் காரணம் இடம்தான். 1884இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்ற ஆங்கிலேயத் தாவர ஆர்வலர் கைவிடப்பட்ட கருங்கல் குவாரி ஒன்றைத் திருத்தி இதை உருவாக்கினார். மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு என்பதால், வாணலியின் அடியில் நிற்பதுபோல் பத்து மணிக்கு மேல் காற்று அசையாது. அதே மலைகள் பிற்பகலில் வெயிலை முன்னதாகவே மறைத்துவிடுவதால் மாலை நான்கரை மணிக்கெல்லாம் நிழல் இறங்கிவிடும். 1910 வாக்கில் இதையே நீர்த்தேக்கமாக மாற்றிவிடத் திட்டமிட்டு, பின்னர் அதைக் கைவிட்டு, 1912இல் மீண்டும் தோட்டமாகவே நடத்தத் தொடங்கினார்கள். அந்தத் திட்டம் நிறைவேறியிருந்தால் இன்று நாம் நடக்கும் சாலை முழுவதும் தண்ணீருக்கு அடியில் கிடந்திருக்கும். 2021இல் யுனெஸ்கோ அங்கீகரித்த பினாங்கு மலை உயிர்க்கோளக் காப்பகத்துக்குள் இப்போது இந்தத் தோட்டமும் அடங்குகிறது.

நுழைவாயில் பக்கத்து நாகலிங்க மரத்தடியில்தான் என் நடை எப்போதும் தொடங்கும். தமிழர்கள் இதைக் கடந்து போவதற்கு முன் நிற்காமல் இருப்பது அரிது. சிலர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவதையும் கண்டிருக்கிறேன். தென்னமெரிக்காவிலிருந்து வந்த மரம் என்று சொன்னால் நம்ப மறுப்பார்கள், அந்த அளவுக்கு நம் சிவன் கோயில்களோடு அது ஒன்றிவிட்டது. கிளை நுனியில் பூக்காமல், அடிமரத்திலிருந்தே கயிறுபோல் தொங்கும் காம்புகளில் பூக்கும். ஒரு பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள்: ஆறு இதழ்கள், உள்பக்கம் சிவப்பும் இளஞ்சிவப்பும், வெளிப்பக்கம் மங்கிய மஞ்சள், நடுவில் லிங்கம்போல் ஒரு குமிழ், அதன்மேல் மகரந்தத் தாள்கள் ஒன்றாகச் சேர்ந்து படமெடுத்த பாம்பைப்போல் கவிந்திருக்கும். மணம் காலையில்தான் முழுமையாக இருக்கும். ஒன்பது மணிக்குள் வண்டுகள் வந்து போய்விட்டால் பாதி குறைந்துவிடுகிறது. அருகில் தொங்கும் பீரங்கிக் குண்டுகளைப் போன்ற காய்களின் கீழே நிற்க வேண்டாம் என்பதை மட்டும் குழந்தைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். விழுந்து உடைந்த காயின் நாற்றம் பூவின் மணத்துக்கு நேர் எதிரானது; ஒரே மரம் இரண்டையும் தருகிறது.

அடுத்து அசோகம். நம்மில் பலர் வீட்டு வாசலில் ஒட்டடைக் கம்புபோல் உயரமாக நிற்கும் நெட்டிலிங்கத்தை அசோக மரம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையான அசோகத்தின் இனத்தைச் சேர்ந்த, தைப்பிங் நகரின் பெயரைத் தாங்கிய மஞ்சள் அசோகம் இந்தத் தீபகற்பத்திலும் இயற்கையாக வளரும் மரம். வறண்ட வாரங்கள் முடியும் தறுவாயில் அதன் தண்டிலும் முதிர்ந்த கிளைகளிலும் யாரோ மஞ்சள் பந்துகளை ஒட்டவைத்ததுபோல் கொத்துக் கொத்தாகப் பூக்கும். அதன் இளந்தளிர்கள் நிமிராமல் துவண்டு தொங்குவதைப் பார்த்து, மரம் வாடிவிட்டதோ என்று என் அம்மா ஒருமுறை வருத்தப்பட்டார். வாடவில்லை, பச்சையம் ஏறி விறைக்கும் வரை தளிர் அப்படித்தான் தொங்கும்.

இருந்தும் இந்தத் தோட்டத்துக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பது, பெரும்பாலோர் அண்ணாந்து பார்க்காமலேயே கடந்து போகும் ஒரு சின்னச் செடிக்காக. தூங்குமூஞ்சி மரங்களின் பெருங்கிளைகளில் புதர்போல் ஒட்டிக்கொண்டு வளரும் புறா ஆர்க்கிட் அது. ஆண்டின் பெரும்பகுதி அதைப் பார்த்தால் காய்ந்த புல் கற்றை என்றுதான் நினைப்பீர்கள். ஆனால் பல நாள் வெயிலுக்குப் பிறகு இடியோடு ஒரு மழை பெய்து வெப்பம் சட்டென்று இறங்கினால், அந்தக் குளிர்ச்சிதான் அதற்கு அழைப்பு. உறங்கிக் கிடந்த மொட்டுகள் விழித்து, சரியாக ஒன்பதாம் நாள் விடியற்காலையில், வட்டாரத்திலுள்ள செடிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் மலரும். பறக்கும் புறாவைப் போன்ற வெள்ளைப் பூ, தொண்டையில் மஞ்சள் தீற்று, தூரத்திலிருந்தே வரும் மணம். மாலைக்குள் வாடித் தொங்கிவிடும். மறுநாள் வருபவர் எதையும் காணமாட்டார்.

சென்ற பங்குனியில் அப்படி ஒரு மழை பெய்த மாலையில் கைப்பேசியில் நாள் குறித்துக்கொண்டேன். அதே வாரம் கோலாலம்பூரிலிருந்து பள்ளி விடுமுறைக்கு அக்காள் பிள்ளைகள் இருவரும் வந்திருந்தார்கள். ஒன்பதாம் நாள் காலை ஆறரை மணிக்கு அவர்களைத் தூக்கக் கலக்கத்தோடு இழுத்துக்கொண்டு போனபோது, "பூ பாக்கவா மாமா இவ்ளோ காலையில?" என்று பெரியவன் முணுமுணுத்தான். சாலை வளைவில் நின்று மேலே காட்டினேன். கிளை முழுதும் வெள்ளை. சிறியவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "யாரு மாமா இதுங்களுக்கு நாள் எண்ணிச் சொன்னாங்க?" என்று கேட்டாள். வெப்பம் இறங்கிய கதையை எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன்; பெரியவன் கைப்பேசியை எடுத்து நாள்களை எண்ணிச் சரிபார்த்த பிறகே நம்பினான். அந்தப் பிள்ளைகளுக்குக் கோலாலம்பூரின் பெர்டானா தாவரவியல் பூங்கா பழக்கமானது. அது 1888இல் தொடங்கியது, பரப்பில் இதைவிட மிகப் பெரியது, ஏரியும் அகன்ற புல்வெளியும் கொண்டது. அங்கே போனால் பார்க்க எப்போதும் ஏதாவது இருக்கும். இங்கே போனால் சரியான நாளில் மட்டும் இருக்கும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது என்பது என் தனிப்பட்ட கிறுக்கு.

"அருவி எங்கே?" என்ற கேள்வியும் அன்று வந்தது. நியாயமான கேள்விதான். சாலைக்கு ஆங்கிலேயர் காலத்தில் வாட்டர்ஃபால் ரோடு என்று பெயர். நம்மவர்களுக்கு இந்த வட்டாரமே தண்ணீர்மலை. 513 படிகள் ஏறிப் போகும் பாலதண்டாயுதபாணி கோயிலே ஆதியில் அருவிக்குப் பக்கத்தில் இருந்து, நீர்த்தேக்கத்துக்கு இடம் தேவைப்பட்டதால் குன்றின் மேலே போனது என்று முதியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அருவி இன்றும் இருக்கிறது, ஆனால் குடிநீர்ப் பிடிப்புப் பகுதிக்குள் இருப்பதால் முன் அனுமதி இல்லாமல் போக முடியாது. தோட்டத்தின் நடுவே ஓடும் ஓடை அதன் தண்ணீர்தான்; அதன் பாலத்தில் நின்று பிள்ளைகளைச் சமாதானப்படுத்தினேன். அருவியில் குளிக்கலாம் என்ற எண்ணத்தோடு துண்டு கொண்டு வருகிறவர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம்.

குரங்குகளைப் பற்றி எச்சரிக்காமல் இந்தத் தோட்டத்தைப் பற்றி எழுதவே கூடாது. நீண்ட வால் குரங்குகள் நெகிழிப் பை சரசரக்கும் ஓசையை வைத்தே உணவு இருப்பதைக் கண்டுபிடித்துவிடும். ஒருமுறை வடைப் பொட்டலத்தைக் கையில் தொங்கவிட்டு நடந்தது முழுக்க என் தவறு. பொட்டலம் போனது போக, ஒன்று கிளையில் உட்கார்ந்து மிளகாயை மட்டும் பொறுக்கி என் பக்கம் எறிந்தது. உணவை முதுகுப் பைக்குள் மூடி வையுங்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், கண்ணுக்குக் கண் பார்க்காதீர்கள், தயவுசெய்து எதையும் கொடுக்காதீர்கள். பழக்கப்படுத்துகிற நாம் வீட்டுக்குப் போய்விடுவோம், கடிபடுவது அடுத்து வருகிற குழந்தை. இவற்றுக்கு முற்றிலும் மாறான குணம், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட கருஞ்சாம்பல் நிற லோத்தோங் குரங்குகளுக்கு. அவை மர உச்சியில் இலை தின்றுகொண்டு தம் பாட்டுக்கு இருக்கும். குட்டி போட்ட காலமாயிருந்தால் தாயின் மடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு குட்டி தெரியும். தாய்க்கும் பிள்ளைக்கும் நிறத்தில் அத்தனை வேறுபாட்டை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

செய்வதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: நடக்கலாம், ஓடலாம், வரையலாம், பறவை பார்க்கலாம். விடியற்காலையில் சீனப் பெரியவர்கள் தாய் சீ பயிற்சி செய்யும் புல்வெளி ஓரத்தில் நின்றால் யாரும் விரட்டமாட்டார்கள். பக்கத்தில் நின்று கையை அசைத்துப் பார்க்கும் நம் அம்மாக்களையும் பார்த்திருக்கிறேன். பெரணி வீடு, ஆர்க்கிட் வீடு, கள்ளிச் செடிக் கூடம் ஆகியவற்றைப் பார்க்க விரும்புபவர்கள் சற்று தாமதித்து வரவேண்டும், ஏனெனில் தோட்டம் திறக்கும் நேரத்திலேயே அவை திறந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கால் வலுவுள்ளவர்களுக்கு வாயிலின் அருகிலிருந்து பினாங்கு மலை உச்சி வரை ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் தார்ச்சாலை இருக்கிறது. செங்குத்து அதிகம் என்பதால், முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறுவதைவிட இறங்குவதற்கே பயப்பட வேண்டும்.

போக்குவரத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரேபிட் பினாங்கின் 10ஆம் எண் பேருந்து ஜார்ஜ் டவுனிலிருந்து வாயில் வரை வரும். அடிக்கடி வரும் பேருந்து அல்ல என்பதால் நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். ஞாயிறு காலை ஏழரைக்கு மேல் காரை நிறுத்த இடம் தேடுவது தனி உடற்பயிற்சி. தைப்பூசத்தின் மூன்று நாளும் இந்தச் சாலை முருகனுக்கும் இரதத்துக்கும் உரியது. அன்றைக்குத் தோட்டம் பார்க்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, காவடியோடு போங்கள். கொசு மருந்தும் குடையும் எந்த மாதத்திலும் வேண்டும்.

நடந்து முடித்ததும் வெளியே கடைகளில் ஜாதிக்காய்ச் சாறு கேளுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி இந்தத் தீவில் ஜாதிக்காய் நட்ட காலத்தின் மிச்சம் அது, பினாங்குக்கே உரிய சுவை. ஒரு கடையில் பாதிக் குவளை சர்க்கரைப்பாகாகவே வந்தது. அதிலிருந்து "சீனி குறைச்சுப் போடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாலையில் வருபவர்களுக்குக் கடிகாரம் தேவையில்லை. தூங்குமூஞ்சி மரத்தை மலாய்க்காரர்கள் போக்கோக் புக்குல் லீமா, அதாவது ஐந்து மணி மரம் என்பார்கள். வெளிச்சம் தாழத் தொடங்கியதும் அதன் இலைகள் ஒவ்வொன்றாக இணைந்து மூடிக்கொள்ளும், அதுவரை மூடிக் கிடந்த வானம் கிளைகளுக்கு இடையே தெரிய ஆரம்பிக்கும். மழைக்கு இருட்டும்போதும் அவை அப்படியே மூடும் என்பதால், மூன்று மணிக்கே இலை மடிவதைக் கண்டால் காரை நோக்கி நடையைக் கட்டுங்கள். வெயில் வாரங்களுக்குப் பிறகு வரும் முதல் மழையாக அது இருந்தால், நனைந்தாலும் பரவாயில்லை, தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.