ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த ஹெமா

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் வீட்டில் வைத்து ஜெல் நகம் போடும் நம் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் எங்கே இருந்தாலும் சரி. என்னை ஏமாற்றிய ஒரு ஜெல் பாட்டிலைப் பற்றியது. விற்ற கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பாட்டிலின் அடையாளத்தைச் சொல்கிறேன், அது போதும். 15 மில்லி, கறுப்பு மூடி, மூடியின் கழுத்தில் மோதிரம் மாதிரி ஒரு வளையம். வெள்ளை ஸ்டிக்கரில் தங்க எழுத்து: "ஹெமா ஃப்ரீ பில்டர் ஜெல்". அதாவது நகத்தின் மேல் கனமாகக் கட்டும் ஜெல், அதில் ஹெமா என்ற ஒவ்வாமை தரக்கூடிய ரசாயனம் இல்லை என்று அர்த்தம்.

நான் கும்பகோணத்துப் பெண். கல்யாணமாகி இங்கே வந்தேன். வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை. கராஜில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஜெல்லை இறுக வைக்கும் ஒரு லாம்ப், சுவரில் முருகன் படம். இவ்வளவுதான் என் பார்லர். வருகிறவர்களில் பாதிப் பேர் கோயிலில் பழகியவர்கள், மீதிப் பேர் அவர்கள் சொல்லி வந்தவர்கள். அதனால் வேலை கெட்டுப்போனால் பணம் மட்டும் போகாது. வெள்ளிக்கிழமை கோயில் வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

2023 ஆகஸ்டில் நான் வழக்கமாக வாங்கும் ஜெல் தீர்ந்துவிட்டது. அது ஒரு பாட்டில் 280 ரேண்ட். டவுனில் ஒரு கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அலமாரியைப் படம் பிடித்து அனுப்பினார். "அதே ஃபேக்டரி, பிராண்ட் பேர் மட்டும் இல்லை. நூறு சதவீதம் ஹெமா ஃப்ரீ. 95 ரேண்ட்." நான் ஒரு டஜன் வாங்கினேன். 280-க்கு விற்கிற சரக்கை ஒருவர் 95-க்கு ஏன் தருகிறார் என்று அன்றைக்கு என் மூளை கேட்கவே இல்லை. சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் பங்களாதேஷ் மார்க்கெட்டில் கத்திரிக்காய்க்கு ரெண்டு ரேண்ட் குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் நிற்கிறவள் நான். ரசீது கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் "நெயில் ஐட்டம்ஸ், 1140" என்று எழுதிக் கொடுத்தார். கடை முத்திரை கூடக் கிடையாது. அதையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

என்னிடம் ஒரு ரிப்பேர் நோட்டு உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் சாதாரண நோட்டுதான். யார் வந்தார்கள், எந்தக் கை, எந்த விரல், எந்த இடத்தில் போனது, போட்டு எத்தனை நாள் ஆனது, நான் என்ன சொன்னேன் என்று எழுதி வைப்பேன். இந்த வேலையில் உடைந்த இடம்தான் சாட்சி. நுனி மட்டும் முறிந்திருந்தால் கார் கதவிலோ கேன் மூடியிலோ மாட்டியிருக்கும். பக்கவாட்டில் கோடு விழுந்திருந்தால் நீளத்துக்கு ஏற்ற கனத்தை நான் நடுவில் கட்டவில்லை என்று அர்த்தம். தோல் ஓரத்தில், அதாவது க்யூட்டிகிள் பக்கம் தூக்கிக்கொண்டு வந்தால், ஒன்று நான் நகத்தைச் சுத்தம் செய்ததில் குறை, அல்லது ஜெல் முழுசாக இறுகவில்லை. இந்த மூன்றாவது வகையில் வாடிக்கையாளரின் கைக்குப் பங்கு ரொம்பக் குறைவு. இது எனக்கு நன்றாகவே தெரியும், பயிற்சிக்கு வந்த பெண்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அந்த ஜெல் வருவதற்கு முன் வாரத்துக்கு ஒரு ரிப்பேர் வந்தால் அதிகம். செப்டம்பரில் ஒரே வாரத்தில் ஆறு வந்தது. ஆறும் க்யூட்டிகிள் ஓரம். மூன்றாம் நாள், நாலாம் நாள். ஒருத்திக்குக் கட்டைவிரலில் முழு ஜெல்லும் பலாச்சுளை மாதிரி அப்படியே கழன்று வந்துவிட்டது.

முதலில் கரண்ட் மேல் பழி போட்டேன். அந்தச் சமயம் லோட்ஷெடிங் ஸ்டேஜ் ஆறு வரை போயிருந்தது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை கரண்ட் போகும். நான் லாம்பை இன்வெர்ட்டரில் ஓட்டிக்கொண்டிருந்தேன், பேட்டரி இறங்கும்போது லாம்பும் மங்குகிறதோ என்று சந்தேகம். எலெக்ட்ரிக் வேலை தெரிந்த பக்கத்து வீட்டு அண்ணன் வந்து மீட்டர் வைத்துப் பார்த்தார். "லாம்புக்கு வர்ற கரண்ட் சரியாத்தான் இருக்கு தங்கச்சி, வேற எங்கயோ பாரு" என்றார். நான் வேறு எங்கேயோ பார்த்தேன். வந்தவர்களின் கையைப் பார்த்தேன்.

புரட்டாசி பிறந்துவிட்டது. இங்கே புரட்டாசி எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். சனிக்கிழமை வந்தால் அண்டா அண்டாவாகச் சமையல், மலை மாதிரி பாத்திரம், கையெல்லாம் மஞ்சள். எனக்கு அது வசதியாகப் போயிற்று. ஒரு டீச்சர் அக்கா, நாலு வருடமாக என்னிடம்தான் வருகிறவர், மூன்றாவது தடவையாக ரிப்பேருக்கு வந்தார்.

"அக்கா, பாத்திரம் கழுவும்போது கிளவுஸ் போட்டீங்களா?"

"போட்டேம்மா."

"ராத்திரி ஆயில்?"

"நீ குடுத்த ஜோஜோபா ஆயில்தான், தெனமும் வச்சிக்கிறேன்."

"கிளவுஸ் போட்டிருந்தா ஜெல் இப்படிக் கெளம்பாதே அக்கா."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நான் எதுக்கும்மா உன்கிட்ட பொய் சொல்லணும்?" என்றார். நான் பதில் சொல்லாமல் நகம் தேய்க்கும் ஃபைலை எடுத்தேன். ஒரு வாரத்துக்குள் வந்தால் ரிப்பேர் இலவசம் என்பது என் கணக்கு, அன்றைக்கு அது எட்டாவது நாள். நாற்பது ரேண்ட் வாங்கினேன். நோட்டில் "கிளவுஸ் போடவில்லை" என்று எழுதினேன். இப்போதும் அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறது.

அடுத்த தடவை அவர் ரிப்பேருக்கு வரவில்லை, கையைக் காட்ட வந்தார். நகத்தைச் சுற்றியிருந்த தோல் சிவந்து, விரல் நுனியில் குட்டிக் குட்டி நீர்க்கொப்புளம். இடது கண் இமை வீங்கியிருந்தது. "ராத்திரியெல்லாம் அரிப்பு, தூக்கமே இல்ல" என்றார். புது ஃபேஸ் கிரீம் ஏதாவது போட்டீர்களா என்று கேட்டேன். பாருங்கள், அப்போதுகூட! என் ஆள்காட்டி விரலும் ஒரு மாதமாக வெடித்துக்கொண்டுதான் இருந்தது. ஜெல்லைக் கரைத்து எடுக்கும் அசிடோன் தோலைக் காய வைக்கிறது என்று நினைத்து வாசலின் தடவிக்கொண்டிருந்தேன்.

விஷயம் வெளியே வந்தது என் கெட்டிக்காரத்தனத்தால் இல்லை. மேஜையில் அசிடோன் கிண்ணம் சாய்ந்து, ஒரு பாட்டில் அதில் நனைந்தபடி பத்து நிமிடம் நின்றிருக்கிறது. துடைக்க எடுத்தபோது வெள்ளை ஸ்டிக்கர் வெங்காயத் தோல் மாதிரி வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. அடியில் இன்னொரு லேபிள். பொடி எழுத்தில் உட்பொருள் பட்டியல். இரண்டாவது பெயரே ஹைட்ராக்சிஎதில் மெதக்ரிலேட். அதன் சுருக்கப் பெயர்தான் ஹெமா. பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயர் மாதிரி இருக்கிறது, கேட்டால் பயமே வராது. இப்படிப் பட்டியலில் அதிகமாக இருப்பதுதான் முன்னால் வரும். இரண்டாவது இடம் என்றால் கொஞ்சநஞ்சம் இல்லை.

ஹெமா விஷம் என்று நான் சொல்லவில்லை. நகத்தில் நன்றாக ஒட்ட வேண்டும் என்றுதான் அதைச் சேர்க்கிறார்கள். முழுசாக இறுகினால் பெரும்பாலும் தொந்தரவு இல்லை. இறுகாமல் தோலில் பட்டால், அதுவும் திரும்பத் திரும்பப் பட்டால், ஒவ்வாமை வரும். வந்தால் போகாது. ஐரோப்பிய யூனியனில் 2021-லிருந்து ஹெமா உள்ள நகப் பொருட்களைத் தொழில் செய்கிறவர்கள் மட்டுமே பயன்படுத்தலாம், ஒவ்வாமை வரலாம் என்று லேபிளிலேயே எழுத வேண்டும் என்று விதி. இங்கே ஒருவர் அந்த மாதிரிச் சரக்கின் மேல் "ஹெமா ஃப்ரீ" என்று காகிதம் ஒட்டி விற்கிறார்.

அன்று ராத்திரியே சோதனை செய்தேன், நீங்களும் செய்து பாருங்கள். நகத்தை நீட்டும்போது நுனிக்கு அடியில் வைக்கும் நெயில் ஃபார்ம் காகிதத்தின் மேல், நகத்துக்குப் போடும் அதே கனத்தில் ஜெல்லைத் தடவி, அதே 60 நொடி லாம்பில் வைத்து, பிறகு உரித்து அடிப்பக்கத்தைத் தொடாமல் பார்க்க வேண்டும். மேலே பிசுபிசுப்பு இருப்பது இயல்பு, காற்றுப் படும் இடம் அப்படித்தான் இருக்கும். அடிப்பக்கம் காய்ந்திருக்க வேண்டும். என் பழைய ஜெல்லில் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அது கண்ணாடி மாதிரி உரிந்தது. 95 ரேண்ட் ஜெல்லின் அடியில் உருகிய நெய் மாதிரி ஈரம். 120 நொடி வைத்தேன், அப்போதும் ஈரம். எந்த லாம்புக்காகச் செய்ததோ, எந்த டின்னிலிருந்து ஊற்றியதோ! இத்தனை வாரமாக நகத்தை ஒட்டி இறுகாத ஜெல்லை வைத்து, மேலே பளபளவென்று டாப் கோட் போட்டு அனுப்பியிருக்கிறேன். அது தூக்கிக்கொண்டு வந்தால் கிளவுஸைக் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தூக்கிய ஓரத்தை ஃபைல் செய்து எடுக்காமல், அவசரத்துக்கு அடியில் பசை விட்டு அழுத்தி அனுப்பியதும் உண்டு. அப்படி அனுப்பிய ஒரு பெண்ணுக்குப் பத்து நாளில் நகம் பாசி பிடித்த மாதிரிப் பச்சையாகிவிட்டது. இடுக்கில் தங்கும் ஈரத்தில் சூடோமோனாஸ் என்ற கிருமி வளர்வதால் வரும் பச்சை அது. அதற்கு அந்தக் கடைக்காரர் பொறுப்பில்லை, நான்தான்.

மறுநாள் கடைக்குப் போனேன். உரிந்த ஸ்டிக்கர், பாட்டில், ஈரமாக இருந்த சோதனைத் துண்டு எல்லாம் கொண்டுபோனேன். அவர் எதையும் கையில்கூட வாங்கவில்லை. "உங்க லாம்ப் பழசு. உங்க ஆளுங்க வீட்டுல பாத்திரம் தேய்ப்பாங்க, கிளவுஸ் போட மாட்டாங்க." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் நோட்டை யாரோ அவருக்குப் படித்துக் காட்டிய மாதிரி இருந்தது. பிறகு கல்லாவுக்கு மேலே இருந்த போர்டைக் காட்டினார்: விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது.

அந்த போர்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இந்த நாட்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008-ஆம் ஆண்டின் 68-ஆவது சட்டம், அதில் 56-ஆவது பிரிவு: பொருளில் குறை இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பணமா, வேறு பொருளா, பழுது பார்ப்பதா என்று கேட்கிற உரிமை வாங்கியவருக்கு. சுவரில் என்ன எழுதி மாட்டினாலும் அது மாறாது. 20,000 ரேண்ட் வரைக்கும் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது, அங்கே வக்கீல் வைக்கவே கூடாது. முதலில் எழுத்தில் கேட்டு 14 நாள் கொடுக்க வேண்டும். நான் எழுதினேன். அந்தத் துண்டுச் சீட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை. "நூறு சதவீதம் ஹெமா ஃப்ரீ" என்று அவரே அனுப்பிய வாட்ஸ்அப் படம்தான் காப்பாற்றியது. பன்னிரண்டாம் நாள் கூப்பிட்டு, திறக்காத எட்டுப் பாட்டிலுக்கு 760 ரேண்ட் கொடுத்தார். திறந்த நாலுக்கு ஒன்றும் இல்லை. நானும் அத்தோடு விட்டுவிட்டேன், அலைய நேரமில்லை. அந்த எட்டும் மறுபடி அலமாரிக்குத்தான் போயிருக்கும் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அதே சட்டத்தில் 54-ஆவது பிரிவு என் பக்கம் திரும்புகிறது. வேலை சரியில்லை என்றால் சரிசெய்து கொடு, அல்லது நியாயமான பங்கைத் திருப்பிக் கொடு. நோட்டைத் திறந்து, அந்த ஜெல் போட்ட பத்தொன்பது பேருக்கும் ஃபோன் செய்தேன். வீட்டில் பிய்த்து எடுக்காதீர்கள், பிய்த்தால் நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து வரும், நான் எடுத்து விடுகிறேன் என்றேன். டாப் கோட்டை ஃபைல் செய்து, அசிடோன் பஞ்சு வைத்து, ஃபாயில் சுற்றிப் பதினைந்து நிமிடம். எல்லாருக்கும் இலவசம், ரிப்பேருக்கு வாங்கியதும் வாபஸ். ஒருத்தி ஃபோனிலேயே கத்தினாள். ஒருத்தி தீபாவளிக்கு வேறு ஆளைப் பார்த்துவிட்டதாகச் சொன்னாள்.

டீச்சர் அக்காவுக்குத் தோல் டாக்டர் முதுகில் பேட்ச் டெஸ்ட் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்தார். மெதக்ரிலேட் ஒவ்வாமை. இனி ஜெல் நகம், அக்ரிலிக் நகம் எதுவும் கூடாது. பல் அடைக்கும் பசையிலும் இந்தக் குடும்பத்து ரசாயனம் இருக்கலாம் என்பதால், பல் டாக்டரிடம் போனால் முதலில் இதைச் சொல்ல வேண்டுமாம். நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர்தான் வளரும், அவருடையது முழுசாகப் புதிதாக வர ஆறு மாதம் ஆனது. நான் நாற்பது ரேண்டை நீட்டினேன். "அத நீயே வச்சிக்க" என்றார். "நான் கிளவுஸ் போட்டேன்னு மட்டும் உன் நோட்டுல எழுது." அவர் முன்னாலேயே எழுதினேன்.

போன மாதம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் தன் சாமான்களை மேஜையில் எடுத்து வைத்தாள். அதில் ஒரு ஜெல் பாட்டில், 110 ரேண்டுக்கு வாங்கினாளாம். ஸ்டிக்கர் இப்போது பச்சை நிறம், எழுத்து வெள்ளை. மூடி அதே கறுப்பு, கழுத்தில் அதே வளையம். ஸ்டிக்கரின் ஓரத்தை என் நகத்தால் சுரண்டினேன். அடியில் பொடி எழுத்து தெரிந்தது.