உப்புவெளியில் ஒன்பது வருடம்: கப்பாசிட்டர் பற்றி என் அனுபவம்

உப்புவெளியில் கடலுக்குப் பக்கத்து வீடு எங்களுடையது. ஃபான், றேடியோ, நானே கட்டிய ஓர் அம்பிளிஃபயர் என்று ஒன்பது வருடமாகக் கழற்றிப் பூட்டி வருகிறேன். கப்பாசிட்டர் என்பது இரண்டு உலோகத் தட்டுகளில் மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் பாகம். அதை வாங்கப் போனால் மேலே எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட்டை, அதாவது கொள்ளளவை, மட்டும் பார்த்து வாங்காதீர்கள். இரண்டு தட்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது, அதாவது பாடசாலையில் மின்னுழையம் என்று படித்தோமே, அதை முதலில் கேளுங்கள்.

சீலிங் ஃபான் கப்பாசிட்டரில் இருப்பது பொலிப்புரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் ஃபிலிம். அதன் மின்னுழைய மாறிலி (எண் கூடினால் அதே அளவுக்குள் கொள்ளளவும் கூடும்) 2.2 அளவுதான், அதனால் வெறும் 2.5 மைக்ரோஃபாரட்டுக்கே அவ்வளவு பெரிய பெட்டி. ஆனால் 230 வோல்ட் ஏசியில் இரவு பகலாக ஓடினாலும் உள்ளே சூடாவது மிகக் குறைவு. ஃபிலிமில் எங்காவது ஓட்டை விழுந்தால் அந்த இடத்து உலோகப் பூச்சு ஆவியாகி, பழுது தானாக ஆறிவிடும், கொஞ்சம் கொள்ளளவும் அதோடு போய்விடும். என் அறை ஃபான் ஆறாவது வருடம் 5இல் வைத்தாலும் 2இல் வைத்த மாதிரிச் சுற்றியது. அளந்தால் 1.4. புதியது போட்டேன், பழைய வேகம் வந்துவிட்டது.

அம்பிளிஃபயரில்தான் நிறையப் படித்தேன். உள்ளீட்டில் பழைய போர்டில் கழற்றிய செரமிக் ஒன்றைப் போட்டிருந்தேன். பாட்டு வந்தது, ஆனால் ஸ்க்ரூட்ரைவர் பிடியால் அதை மெல்லத் தட்டினால் ஸ்பீக்கரில் ‘டொக்’ என்று கேட்டது! அந்தச் செரமிக்கில் மின்னுழையமாக இருக்கும் பேரியம் டைட்டனேட்டின் குணம் அது, அழுத்தம் பட்டால் மின்னழுத்தம் பிறக்கும். அதன் மாறிலி ஆயிரக்கணக்கில் இருப்பதால்தான் அரிசி மணி அளவில் 10 மைக்ரோஃபாரட் கிடைக்கிறது, அதுக்கான விலையை வேறு இடத்தில் கட்டுகிறோம்: டிசி வோல்ட் ஏற ஏறக் கொள்ளளவு இறங்கும். மீட்டர் மிகச் சின்ன வோல்ட்டில் அளப்பதால் சரியாகவே காட்டும், சர்க்கிட்டில் போட்டால் பாதிகூட மிஞ்சாமல் போகலாம். செரமிக் ரகங்களுக்குக் குறியீடு உண்டு: எக்ஸ்7ஆர் என்றால் ±15 சதவீதம் என்பது வெப்பநிலைக்குச் சொன்ன கணக்கு, வோல்ட்டுக்கு இல்லை. ஒய்5வி என்றால் வெப்பநிலையிலேயே 82 சதவீதம் வரை விழலாம். அப்புறம் பொலிப்புரொப்பிலீன் மாற்றினேன், தட்டினால் சத்தமே இல்லை.

பவர் சப்ளைக்கு எலக்ட்ரோலிட்டிக் என்ற ரகக் கப்பாசிட்டர்தான், வேறு வழியில்லை. அதில் மின்னுழையம் அலுமினியத் தகட்டின் மேல் படிந்த மெல்லிய ஒக்சைட், உள்ளே ஈரம். வெக்கையில் அந்த ஈரம் காயும். வெப்பநிலை பத்துப் பாகை செல்சியஸ் குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பு என்பார்கள். முதலில் போட்ட, 85 பாகை வரை தாங்கும் ரகம் நான்காம் வருடமே தலை வீங்கி ஸ்பீக்கரில் இரைச்சல் வந்தது. அடுத்து 105 பாகை ரகம் வாங்கி, சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பூட்டினேன். போன மாதம் கழற்றி அளந்தேன், 2200 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருப்பது இன்னும் 2090 காட்டுகிறது.