மாட்டுப் புண்ணுக்கு நானோ மருந்து: வெள்ளியா, துத்தநாகமா, செம்பா?

கால்நடை மருந்துக் கடைகளில் 'நானோ சில்வர்' என்று போட்ட ஸ்பிரேக்கள் வரத் தொடங்கிவிட்டன. புண்ணைக் கழுவும் பழைய கிருமிநாசினியான போவிடோன் அயோடின் இருக்கும்போது இதற்கும், நானோ துத்தநாகம், நானோ செம்புக்கும் கூடுதலாகக் காசு கொடுக்கலாமா? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோல் புண்ணுக்கும் குளம்புக்கும் கொடுக்கலாம், ஆனால் எல்லாப் புண்ணுக்கும் அல்ல. மடிக்குள் ஏற்றுவதற்கு இப்போதைக்கு வேண்டாம்.

வெள்ளியின் பலம், ஒரே நேரத்தில் பல இடங்களில் தாக்குவது. 1 முதல் 100 நானோமீட்டர் அளவுக்குத் துகளைச் சிறிதாக்கினால் மேற்பரப்பு பல மடங்காகிறது, அதிலிருந்து வெள்ளி அயனிகள் தொடர்ந்து கசிகின்றன. அவை பாக்டீரியாவின் சவ்வைச் சிதைக்கும், உள்ளே கந்தகம் கொண்ட புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றை முடக்கும். பென்சிலினுக்கு மசியாத கிருமியும் இதற்கு அடங்குவது அதனால்தான். நாள்பட்ட நுகத்தடிப் புண், கொம்பு உடைந்து ஆறாமல் நிற்கும் இடம், தோல் கழலை நோயில் கழலை விழுந்த குழி போன்றவற்றில் வெள்ளிக்குத்தான் என் ஓட்டு.

ஆனால் சீழை வழிக்காமல் மேலேயே அடித்தால் பயன் குறைவு. புண் நீரில் உள்ள குளோரைடும் புரதமும் வெள்ளியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கழுவி, செத்த சதையை எடுத்து, துணியால் ஒற்றி ஈரம் போக்கிய பிறகே அடிக்க வேண்டும். புழு வைத்த புண் என்றால் முதலில் டர்பென்டைன் விட்டுப் புழுவை இடுக்கியால் எடுங்கள். அந்த வேலையை வெள்ளி செய்யாது.

'இதற்குக் கிருமி எதிர்ப்பே உண்டாகாது' என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். 1975-லேயே பாஸ்டன் மருத்துவமனை ஒன்றின் தீப்புண் பிரிவில் வெள்ளிக்கு அடங்காத சால்மோனெல்லா பாக்டீரியா பதிவானது. ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா ஒரு புரதத்தைச் சுரந்து நானோ துகள்களைத் திரட்டிச் செயலிழக்க வைப்பதை 2018-இல் ஓர் ஆய்வு காட்டியது. சிராய்ப்புக்கெல்லாம் தினமும் அடித்தால் நாமே இந்த மருந்தைக் கெடுத்துவிடுவோம். புதுக் காயத்துக்கு, நீர்த்த போவிடோன் அயோடினே போதும்.

துத்தநாக ஆக்சைடு கிருமியைக் கொல்வதில் வெள்ளிக்குப் பின்னால்தான். ஆனால் தோலுக்கு இதமானது, விலையும் குறைவு. வெடித்த காம்புக்கும் உரிந்த தோலுக்கும் அதன் களிம்பு நல்லது, பால் கறக்கும் முன் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். தீவனத்தில் கலப்பது வேறு கதை. பால்குடி மறந்த பன்றிக்குட்டிகளின் வயிற்றுப்போக்குக்கு ஐரோப்பாவில் கிலோ தீவனத்துக்கு 2,500 மில்லிகிராம் வரை துத்தநாகம் கொடுத்தார்கள். அது சாணம் வழியாக மண்ணில் சேர்ந்தது, ஆன்டிபயாட்டிக் எதிர்ப்புள்ள கிருமிகளுக்கும் துணைபோனது. 2022 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம் அதை நிறுத்தியது. நானோ என்றால் சிறிதளவே போதும் என்கிறார்கள். அந்தச் சிறிதளவும் எருவோடு வயலுக்குத்தான் போகும்.

செம்புக்கு இடம் குளம்புதான். கறவை மாட்டுக்கு 5 சதவீத மயில்துத்த (காப்பர் சல்பேட்) கரைசலில் கால் நனைப்பது பழைய வழக்கம். நானோ செம்பு அந்த அளவைக் குறைக்கலாம். செம்மறி வைத்திருப்பவர்கள் மட்டும் மிகக் கவனமாக இருக்க வேண்டும். ஆட்டின் ஈரலில் செம்பு சத்தமில்லாமல் சேர்ந்து, ஒரு நாள் மொத்தமாக ரத்தத்தில் இறங்கும். சிவப்பணுக்கள் உடையும், சிறுநீர் கறுக்கும், பெரும்பாலும் ஆடு பிழைக்காது. செம்மறிக்கு 10 சதவீத சிங்க் (துத்தநாக) சல்பேட் தொட்டியே பாதுகாப்பு.

அப்புறம் மடிநோய். ஆய்வகத் தட்டில் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற மடிநோய்க் கிருமியைக் கொல்லும் வெள்ளி, மடிக்குள் பால் புரதத்தில் சிக்கி வலுவிழக்கிறது. அந்தக் கிருமியோ மடியின் செல்களுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். ஆன்டிபயாட்டிக் ஏற்றினால் எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று லேபிளில் இருக்கும். நானோ வெள்ளிக்கு அப்படி நிலைபெற்ற கணக்கு இல்லை. குழந்தைகள் குடிக்கும் பால் இது. பாலைப் பரிசோதித்து, எந்த மருந்து கேட்கும் என்று பார்த்து மருத்துவர் தரும் ஊசிதான் இங்கே முதலில். வீக்கம் தொடங்கியதுமே, தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் பரவலாக்கிய கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்த பற்றையும் கூடவே மடியின் வெளியே போடலாம்.

வாங்குவதாக இருந்தால் லேபிளில் வெள்ளியின் செறிவும் உற்பத்தி உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். மாட்டின் நாக்கு எட்டும் இடத்தில் அடித்தால், காயும்வரை தலைக்கயிற்றைக் குட்டையாகக் கட்டிவையுங்கள்.